இருநூற்றுச் சொச்சம் ஓட்டு

2020 செப்டம்பரில் எங்கள் தபால் பெட்டியில் தினமும் நான்கைந்து வழவழ அட்டைகள் விழ ஆரம்பித்தன. எல்லாம் தேர்தல் அட்டைகள். அதற்கு முந்தைய பதினான்கு வருடமும் அவற்றைப் படிக்காமலே குப்பையில் போட்டிருக்கிறேன். ஓட்டு இல்லாதவனுக்கு அது எதற்கு? அந்த வருடம் பிப்ரவரியில்தான் நானும் மனைவியும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தோம்.

சமையலறை மேடையில் சாய்ந்தபடி மனைவி ஒரு அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, இந்தம்மா சி.பி.ஏ.வாம். தைவான்ல இருந்து படிக்க வந்தவங்களாம்" என்றாள். சி.பி.ஏ. என்றால் நம் ஊர் ஆடிட்டர் மாதிரி.

அந்த அம்மாவின் பெயர் ஆஞ்சி சென் பட்டன். டெக்சாஸ் சட்டமன்றத்தின் கீழவையில் 112வது தொகுதியின் உறுப்பினர். டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன், கார்லண்ட் ஊர்களின் பகுதிகள் சேர்ந்தது அந்தத் தொகுதி. குடியரசுக் கட்சிக்காரர், அந்த வருடம் மீண்டும் போட்டியிட்டார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எங்கள் எம்.எல்.ஏ.

மனைவி ஏன் அந்த அட்டையைக் கீழே வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கரூரில் எம்.காம். முடித்தவள் அவள். 2006-ல் நான் எச்1பி வேலை விசாவில் ரிச்சர்ட்சனுக்கு வந்தபோது அவள் குடும்பத்தினருக்கான எச்4 விசாவில் வந்தாள். எச்4-ல் இருப்பவர்கள் அப்போது வேலை பார்க்கவே முடியாது. அந்த விதி ஓரளவு தளர்ந்ததே 2015-ல்தான். அதற்கு முன்பே, 2012-ல், எங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் அவள் பட்டது கொஞ்சமில்லை. வீட்டுக் கணக்கைத் தவிர வேறு கணக்கு எழுத வழியில்லை. கார்டு வந்த அடுத்த மாதமே ரிச்லேண்ட் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். சி.பி.ஏ. தேர்வு நான்கு தாள். அப்போதைய விதிப்படி ஒரு தாள் தேறினால் பதினெட்டு மாதத்துக்குள் மற்ற மூன்றையும் தேறியாக வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் தேறியதும் போய்விடும். குழந்தை தூங்கியபின் இரவு பத்திலிருந்து ஒரு மணிவரை படிப்பாள். 2016-ல் நான்காவது தாளும் தேறியபோது அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. சோபாவில் படுத்து மறுநாள் மதியம் வரை தூங்கினாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த அட்டையில் இருந்தவரின் கதை வேறு மாதிரி பட்டது. அன்று இரவே அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். தைவானில் பிறந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கும் டாலஸ் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருக்கிறார். பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் மேலாளர். (அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1961-ல் அஸ்திவாரம் போட்டவர்கள் அதே நிறுவனத்தின் நிறுவனர்கள்தான். இங்கே பொறியாளர்கள் போதவில்லை என்பதால் ஆராய்ச்சி மையமாக ஆரம்பித்தார்கள், 1969-ல் அது பல்கலைக்கழகமானது. ரிச்சர்ட்சனுக்கு எங்களைப் போல இத்தனை பேர் வந்து சேர்ந்ததற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.) நடுவே டார்ட் எனப்படும் டாலஸ் பேருந்து, ரயில் நிர்வாகக் குழுவில் இருந்திருக்கிறார். 2008-ல், பல வருடம் அந்தத் தொகுதியை வைத்திருந்த பிரெட் ஹில் ஒதுங்கிக்கொண்டபோது, அந்த இடத்துக்குப் போட்டியிட்டு ஜெயித்தார். அவருக்கு முன்னால் டெக்சாஸ் கீழவையில் ஆசிய வம்சாவளிப் பெண் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார், ஹூஸ்டனின் மார்த்தா வாங். அவரும் இதே கட்சி.

இந்தப் பட்டியலில் என்னைத் தொட்டது பதவிகள் அல்ல. எம்.எல்.ஏ. ஆனதற்கு முன்னால் இருந்த அந்த நீண்ட காலம்தான். படிப்பு, அலுவலகம், ஊர்ப் பேருந்து நிர்வாகக் குழுவின் கூட்டங்கள். நாமும் அதே சாலைகளில்தான் போய்வந்தோம், ஆனால் ஒரு நகரசபைக் கூட்டத்துக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்க மட்டும் நகராட்சி அலுவலகம் போயிருக்கிறேன்.

சரி, எம்.எல்.ஏ. வேலைக்கு என்ன சம்பளம் என்று பார்த்தால் எனக்கு நம்பவே முடியவில்லை. மாதம் 600 டாலர். 1975-லிருந்து அதே தொகைதான். அவை கூடும் நாட்களுக்குப் படி தனி. நம் ஊர் எம்.எல்.ஏ.வுக்கு அப்போது மாதம் 1,05,000 ரூபாய். இங்கே அன்றைக்கு அதில் பாதிகூடத் தேறவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவை கூடும், அதுவும் ஜனவரியில் தொடங்கி 140 நாள். மற்ற நாட்களில் அவரவர் தொழிலைப் பார்க்க வேண்டும். ஆனால் தேர்தல் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும். மொத்தம் 150 பேர், எல்லாரும் மறுபடி மக்களிடம் வர வேண்டும்.

கொள்கையில் எனக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாநில வருமான வரி இல்லாதது, சிறுதொழிலுக்குத் தொந்தரவு குறைவாக இருப்பது, இவற்றுக்காகக் குடியரசுக் கட்சி அவளுக்குப் பிடித்தது. அவளிடம் வரிக் கணக்கு கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் சின்ன ஹோட்டல், மளிகைக் கடை வைத்திருக்கிறவர்கள். எனக்கோ மருத்துவக் காப்பீடு பெரிய கவலை. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்க டெக்சாஸ் ஒத்துக்கொள்ளவே இல்லை. 2003-லிருந்து கீழவை இந்தக் கட்சி கையில்தான் இருக்கிறது, அதனால் அந்தப் பொறுப்பும் அவர்களுடையதுதான் என்பது என் வாதம். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் இதுதான் பேச்சு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அரசியல் பேசி வாதாடியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. வந்த நாட்டைப் பற்றி நம் வீட்டில் ஒரு சண்டை நடக்கிறதே!

முன்கூட்டியே ஓட்டுப் போடுவது அக்டோபர் 13-ல் தொடங்கியது. கொரோனா காலம் என்பதால் வழக்கத்தைவிடச் சில நாள் முன்னதாகவே ஆரம்பித்தார்கள். முகக்கவசத்தோடு ஆறடி இடைவெளியில் வரிசை. டிரைவிங் லைசென்ஸைக் காட்டியதும் ஒரு நீள அட்டை தந்தார்கள். அதை இயந்திரத்தில் செருகினால் தொடுதிரையில் பெயர்கள் வரும். சின்னம் கிடையாது. உதயசூரியனும் இரட்டை இலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறும் பெயர்களாக ஓடியது. ஒரே தட்டில் ஒரு கட்சிக்கு மொத்த ஓட்டையும் போடும் வசதியை அந்த வருடம்தான் டெக்சாஸ் எடுத்திருந்தது. ஆகவே ஜனாதிபதியில் தொடங்கி ஒவ்வொரு பக்கமாகப் போக வேண்டும். செனட்டர், காங்கிரஸ், ரயில்வே ஆணையர் (பெயர்தான் ரயில்வே, அவர்கள் பார்ப்பது எண்ணெய், எரிவாயு), நீதிபதிகள் வரிசையாக. அவர்களுக்கும் கீழே எங்கள் 112. பட்டன் ஒரு பெயர், ஜனநாயகக் கட்சியின் வழக்கறிஞர் பிராண்டி சேம்பர்ஸ் இன்னொரு பெயர், லிபர்டேரியன் கட்சிக்காரர் ஒருவர்.

நான் சேம்பர்ஸுக்குப் போட்டேன். மனைவி பட்டனுக்கு. வெளியே வந்து காரில் ஏறியதும் விரலைப் பார்த்தாள். "மை இல்லாம ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லீங்க" என்றாள். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். அதை இன்றைக்கும் அவள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டுக்குள்தான் வைத்திருக்கிறாள். ஹூஸ்டன் தூதரகம் ரத்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிய பாஸ்போர்ட் அது.

அந்தப் போட்டி எவ்வளவு நெருக்கமானது என்பது எண்ணிக்கை அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. 2018-லேயே இதே இரண்டு பேர் மோதி, பட்டன் சுமார் 2 சதவீதத்தில்தான் தப்பியிருந்தார். அந்த வருடம் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சி 12 இடங்களைப் பிடித்தது. டாலஸ் மாவட்டத்தில் குடியரசுக் கட்சிக்கு மிஞ்சியவர்கள் இரண்டே உறுப்பினர்கள், மார்கன் மேயரும் இவரும். 2020-ல் ஜனநாயகக் கட்சிக்கு இன்னும் 9 இடம் கிடைத்தால் கீழவையே கை மாறும் என்ற நிலை. அதனால்தான் எங்கள் பெட்டியில் அத்தனை அட்டைகள். கடைசிக் கணக்கு வந்தபோது, 65,000க்கும் மேல் பதிவான ஓட்டில் பட்டன் ஜெயித்தது இருநூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில். அவை கை மாறவில்லை, 83க்கு 67 என்றே நின்றது.

நான் தோற்ற கட்சி. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டோம். மனைவி வரி வாடிக்கையாளர் நோட்டை எடுத்து, குடியுரிமை வாங்கியும் பதிவு செய்யாத, தொகுதிக்குள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டாள். எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் மட்டும் பதினோரு வீடு.

2021-ல் அவள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் தன்னார்வ வாக்காளர் பதிவாளராகச் சேர்ந்தாள். பயிற்சி முடித்தால் பிறர் படிவத்தை வாங்கும் அதிகாரம் தருவார்கள், வாங்கிய படிவத்தை ஐந்து நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். எந்தக் கட்சிக்கு என்று யாரிடமும் கேட்கக் கூடாது. அவள் கேட்டதுமில்லை.

முதலில் வந்தவர் சிவகாசிக்கார அண்ணன் ஒருவர். குடியுரிமை வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆனவர். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், இவங்க அரசியல் இவங்களோட" என்று இரண்டு ஞாயிறு தட்டிக்கழித்தார். மூன்றாவது ஞாயிறு வந்து சாப்பாட்டு மேசையில் லைசென்ஸை எடுத்து வைத்தார். அவள் அவரிடம் கேட்டுக் கேட்டுப் பெயர், முகவரி, பிறந்த தேதி எழுதினாள். மேலே ஒரு கட்டம் விட்டு வைத்திருந்தாள். அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வி.

"இதை நீங்க சொல்லுங்கண்ணா, நான் டிக் பண்ணிடறேன்" என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். "பேனாவைக் குடும்மா, அதை நானே போடறேன்" என்றார்.