விரல் விட்டுப் பார்க்கிறேன்

2024 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். எனக்கு வாய்த்த நிலம் தாம்பரத்தில் இரண்டாவது மாடி, ஆறடி பால்கனி. கிழக்கு பார்த்தது, பதினோரு மணி வரை வெயில். நடுராத்திரி தூக்கம் கலைந்து போனைத் தடவுவதற்குப் பதில் கைக்கு வேறு வேலை கொடுக்கலாமென்று ஐந்து தொட்டி வாங்கினேன். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. துளசி விதை தூசி மாதிரி இருக்கிறது. ஆழமாகப் புதைத்தால் வராதாம். மேலாகத் தூவி, தண்ணீர் தெளித்தேன். கற்பூரவள்ளிக்கு அம்மா வீட்டுக் குச்சி. புதினாவுக்குச் செலவே இல்லை. சட்னிக்குக் கிள்ளியது போக மிஞ்சிய தண்டு, டம்ளர் தண்ணீரில் நிற்கிறது.

ஆகஸ்ட் 14

துளசி முளைத்துவிட்டது! புதினாத் தண்டில் வெள்ளை வேர். தொட்டிக்கு மாற்றினேன். நான்காவதில், சர்பத்துக்கு வாங்கிய சப்ஜா விதை. அது திருநீற்றுப்பச்சிலையின் விதை என்பது இத்தனை வயசுக்குப் பிறகுதான் தெரிகிறது. ஐந்தாவதில் வல்லாரை.

செப்டம்பர் 15

கற்பூரவள்ளி போய்விட்டது. அடித்தண்டு கறுத்து, தொட்டதும் கையோடு வந்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேனே என்று அம்மாவிடம் புலம்பினால், "அதனாலதான்டா" என்றாள். அதன் தண்டிலும் இலையிலுமே தண்ணீர் இருக்கிறது, மேலும் ஊற்றினால் அழுகாமல் என்ன செய்யும்? "மண்ணுல விரலை விட்டுப் பாரு. ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தா ஊத்து. சும்மா நோண்டிக்கிட்டே இருக்காத."

சும்மா இருப்பதுதான் எனக்கு வராது. இன்னொரு குச்சி வாங்கி வந்தேன். இந்த முறை தொட்டியின் அடியில் ஓட்டைகளை அடைக்காமல் ஓட்டுச்சில்லு.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். விடிந்ததிலிருந்து மழை. கற்பூரவள்ளியையும் துளசியையும் ஹாலுக்குள் இழுத்துவிட்டேன். வீடெல்லாம் சேறு, வாங்கிக் கட்டிக்கொண்டேன். வல்லாரையை மட்டும் வெளியிலேயே விட்டேன். அது வயல் வரப்பில் வளர்கிற ஜாதி, நனைந்தால் ஆனந்தம்.

2025 ஜனவரி 10, மார்கழி 26

பனிக்குப் புதினா அடர்ந்திருக்கிறது. துளசியில் கதிர் வந்துவிட்டது. அழகாக இருக்கிறதே என்று விட்டால் செடி விதை கட்டப் போய்விடும், இலை சிறுக்கும். கிள்ளினேன். கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை. மதியம் வரை விரலில் வாசம். ஆபீஸில் கீபோர்டைத் தட்டும்போதுகூட மூக்கருகே கொண்டுபோய்க் கொண்டிருந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். பச்சை நிழல்வலை கட்டியாயிற்று. துளசித் தண்டில் பஞ்சு ஒட்டியது மாதிரி மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளித்தேன், உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். புதினா பாதி காய்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டேன், வேர் இருந்தால் மழைக்குத் துளிர்க்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போய் விழித்துக்கொண்டேன். பால்கனியில் போய் உட்கார்ந்தேன். இருட்டில் லுங்கி உரசி திருநீற்றுப்பச்சிலை மணத்தது. கற்பூரவள்ளித் தொட்டியில் விரல் விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. ஊற்றவில்லை.