தபலாவை எடுத்துவிட்ட மனுஷன்

"அமெரிக்காக்காரனுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஆசிட் ஹவுஸ் மியூசிக்கைக் கண்டுபிடிச்ச இந்தியர்!" இப்படி ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆசிட் ஹவுஸ் என்பது எண்பதுகளில் சிகாகோ கிளப்புகளில் கிளம்பிய, மெஷினில் செய்கிற ஒரு டான்ஸ் மியூசிக். நான் லேப்டாப்பில் டான்ஸ் மியூசிக் செய்கிறவன் என்று தெரிந்த அத்தனை பேரும் அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா தேசியக்கொடி போட்டு அனுப்பினார். வீடியோவில் சொல்லப்படுகிற மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அந்த வீடியோவைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

அவர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். சினிமாப் பாட்டு ட்யூன்களை வாத்தியத்தில் மட்டும் வாசித்து இசைத்தட்டுகள் போட்டவர். ரோலண்ட் கம்பெனியின் அப்போதைய புது மெஷின்களைச் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார்: ஜூபிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின். ஹிந்திப் படங்களில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரம் அது. 1982-ல் இந்த மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை வாசித்து ஒரு எல்பி போட்டார். ஹெச்எம்வி வெளியிட்டது. ஓடவில்லை. இருபது வருஷம் கழித்து எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டில்லிக் கடை ஒன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்கள் பலர் நம்பவில்லை. இந்தக் காலத்து ஆள் யாரோ பழசு மாதிரி செய்து விளையாடுகிறான் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. 1987-ல் சிகாகோவிலிருந்து வந்து உலகத்தைக் கிறுக்காக்கிய அதே நெளிகிற சத்தம் அதில் இருந்ததுதான் காரணம்.

சிகாகோக் கதைக்கும் 303-தான் ஆரம்பம். அதை ரோலண்டில் வடிவமைத்தவர் டடாவோ கிக்குமோட்டோ. தனியாக உட்கார்ந்து கிட்டார் பழகுகிறவருக்கு பேஸ் வாசிக்க ஒரு துணை வேண்டும், அதுதான் நோக்கம். ஆனால் அதிலிருந்து வந்த சத்தம் பேஸ் கிட்டாருக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அதில் பாட்டை ஏற்றுவது பெரிய தலைவலி. முதலில் சுரங்களை மட்டும் வரிசையாக அடித்துவிட்டு, பிறகு எந்தச் சுரம் எந்த நேரத்தில் என்று தனியாக ஏற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் நீங்கள் நினைக்காத ஒன்று ஓடும். (பல நேரம் அதுதான் நன்றாக இருக்கும்.) சுமார் 10,000 மெஷின்கள் செய்து 1984-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் எல்லாம் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்குப் போய் விலை விழுந்தது. கையில் காசில்லாத பையன்களுக்குக் கட்டுப்படியானது அப்படித்தான்.

சிகாகோவில் பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்று மூன்று பேர், குழுவுக்கு ஃப்யூச்சர் என்று பெயர். ஸ்பாங்கி வாங்கி வந்த 303-ல் ஏதோ ஒரு பேட்டர்ன் ஓடிக்கொண்டிருக்க, பியர் சும்மா திருகுகளைத் திருக ஆரம்பித்தார். கட்ஆஃப், ரெசொனன்ஸ் என்ற இரண்டையும் திருகினால் ஒரே சுரம் முனகும், கத்தும், தொண்டை கட்டும். அதைக் கேசட்டில் பிடித்து ரான் ஹார்டி என்ற டீஜேயிடம் கொடுத்தார்கள். மியூசிக் பாக்ஸ் கிளப்பில் அவர் போட்டதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிவிட்டார்களாம். மனுஷன் விடவில்லை, அதே ராத்திரி திரும்பவும் போட்டார், திரும்பவும். நாலாவது தடவை கூட்டம் வெறி பிடித்து ஆடியது என்பது அந்த ஊரில் சொல்கிற கதை. 1987-ல் அது தட்டாக வந்தது. 11 நிமிஷத்துக்கு மேல் ஓடும். முணுமுணுக்க ஒரு ட்யூன் கிடையாது.

பம்பாய்க்காரர் சிகாகோவைக் கேட்க வழியே இல்லை. சிகாகோப் பையன்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஒரே மெஷின், இரண்டு ஊர். யார் முதல் என்று பட்டம் கொடுப்பதில் யாருக்கு என்ன லாபம்? இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். சிங்கின் தட்டில் ராகம்தான் எஜமான். மெல்ல ஆலாபனை மாதிரி தொடங்கும், பிறகு தாளம் வரும், ஜூபிட்டர் பாடும், 303 அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சிகாகோத் தட்டில் பாடுகிறவரே இல்லை. அடியில் ஓட வேண்டியதை மேலே தூக்கி வைத்து, சுரத்தை மாற்றாமல் குரலை மட்டும் 11 நிமிஷம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கின் தட்டு இதன் முன்னோடியே இல்லை. வேறு ஆசை, வேறு காது.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டு எப்படி வந்தது என்று பிற்காலத்தில் பேட்டியில் கேட்டபோது சிங் சாதாரணமாகச் சொன்னார்: எங்கும் டிஸ்கோவாக இருந்தது, ராகங்களை வாசித்து, தபலாவை எடுத்துவிட்டு, டிஸ்கோ தாளத்தை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தபலாவை எடுத்துவிட்டார்! ராகம் என்றால் கூடவே வரும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிற ஒன்றை.

போன வருஷம் வெளிநாட்டு லேபிள் ஒன்றுக்கு ஒரு ட்ராக் அனுப்பியிருந்தேன். மரியாதையான பதில் வந்தது. சத்தம் நன்றாக இருக்கிறதாம், மிக்ஸ் சுத்தமாக இருக்கிறதாம், ஆனால் இதில் இந்தியா எங்கே என்று கேட்டிருந்தார்கள். ஒரு தபலாவோ சித்தாரோ சேர்த்தால் தனித்துவமாக இருக்கும் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். நான் உசிலம்பட்டிப் பக்கம். அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். ரேடியோ செட்டுக்காரர் மகன் என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். தபலாவை நான் நேரில் பார்த்ததே காலேஜ் படிக்கப் போன பிறகுதான். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் நையாண்டி மேளம்தான். தவில், பம்பை, உறுமி. பெர்லினில் இருப்பவனுக்குச் சித்தார் எவ்வளவு அந்நியமோ கிட்டத்தட்ட எனக்கும் அவ்வளவுதான். என்னை நானாகக் காட்ட அவர்கள் கற்பனை செய்த ஊரின் வாத்தியத்தை நான் வாடகைக்கு எடுக்க வேண்டும்!

சரி, உறுமியையாவது போடலாமே என்று கூட்டாளிகள் கேட்டார்கள். போடலாம்தான். மைக் வைத்துப் பிடித்து, வெட்டி, கிக் என்கிற கனமான டிரம் அடிக்கு மேல் ஒட்டலாம். நிறையப் பேர் செய்கிறார்கள், ஒட்டு தெரிகிறது. எனக்கு உறுமியில் வேண்டியது அதன் சத்தமே இல்லை. வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கும்போது ஒரு அடி அடுத்த அடிக்குள் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த நகர்வு வேண்டும். 303-ல் ஸ்லைடு என்று ஒன்று உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கும். எந்த அடியில் ஸ்லைடு, எந்த அடியில் ஆக்சென்ட், அதாவது அழுத்தம், என்று உறுமிக்காரர் கையைப் பார்த்து வைத்தேன். மெஷின் என்னுடையது மலிவான நகல்தான், இப்போது அந்தச் சத்தம் யாருக்கும் கிடைக்கும். சுரங்களுக்கு ஹிந்தோள ராகத்தை எடுத்துக்கொண்டேன். சிங்கின் தட்டில் மால்கௌன்ஸ் என்ற ஹிந்துஸ்தானி ராகம் இருக்கிறது, நம்ம ஹிந்தோளத்துக்கு நெருக்கமான சொந்தம், அவருக்கு ஒரு வணக்கம்.

கோயில் கொடைக்கு பாக்ஸ் அடுக்கிவிட்டு, சத்தம் செக் பண்ணுகிற சாக்கில் அதைப் போட்டேன். மேடை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் தலையைத் தூக்கினார்.

"தம்பி, ஹிந்தோளமா?"

"ஆமாண்ணே."

"காந்தாரம் ஆடவே மாட்டேங்குதே. கட்டையாட்டம் நிக்கிது."

உண்மைதான். அந்த மெஷினுக்கு வழுக்கத் தெரியும், அசையத் தெரியாது. வீட்டுக்கு வந்து காந்தாரம், மத்தியமம் என்ற இரண்டு சுரங்களையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்து இரண்டுக்கும் ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். இதைக் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, என்று அவரிடம் சொன்னால் அடிப்பார். ஆனால் அதற்கு முன் அந்த மெஷினில் நான் கேட்டிராத ஒரு புரளல் வந்தது. ட்ராக்கில் இருக்கிற நல்ல விஷயம் அதுதான். அந்தப் பாதி யோசனை நாதஸ்வரக்காரருடையது.

இவ்வளவு பேசுகிறவன் கிக்கை எங்கே எடுத்தாய் என்றால், சாம்பிள் பேக்கில்தான். ரோலண்டின் இன்னொரு டிரம் மெஷினான 909-ன் கிக். உலகத்தில் பாதி ட்ராக்கில் இருக்கிறது, எனக்கு வெட்கமில்லை. ரியான்னாவின் 'அம்ப்ரெல்லா'வில் தட்டுகிற டிரம், ஆப்பிளின் கராஜ்பேண்டோடு இலவசமாக வரும் லூப். அது தெரிந்த பிறகும் பாட்டு சின்னதாகிவிடவில்லை. நான் முகம் சுளிப்பது வேறு இடத்தில். கன்ஸ்ட்ரக்ஷன் கிட் என்று கிக்கிலிருந்து ட்ராப் (தாளம் திரும்ப இறங்குகிற இடம்) வரை எல்லாம் பொருத்தமாக வெட்டி வைத்து விற்கிறார்கள். இழுத்து வைத்தால் ட்ராக். அதையும் தாண்டி, முடிந்த ட்ராக்கையே வாங்கிப் பெயர் போட்டுக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன, கோஸ்ட் ப்ரொடக்ஷன் என்பார்கள். சினிமாவில் வேலை பிரிப்பது வேறு. அங்கே ட்ராக்கைக் கட்டுகிற ஆளுக்குக் கூலியாவது பேராவது உண்டு. இங்கே வாங்கியவன் மேடையேறி கையைத் தூக்குகிறான். அதில் அவன் முடிவு செய்தது என்ன? எந்த டீஷர்ட் என்பதைத் தவிர?

காசு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக்கை ஒரு வருஷத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்டிருந்தால் அதற்குப் பணம் கிடையாது. என்னுடையவை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே. பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கிற தளத்தில் எப்போதாவது யாராவது வாங்குகிறார்கள். சோறு போடுவது அப்பாவின் பாக்ஸ்கள்தான்.

அந்த பாக்ஸ்கள்தான் எனக்கு வாத்தியாரும். ஹெட்ஃபோனில் செய்கிற ட்ராக்கை வெட்டவெளியில் போட்டால் சரக்கு என்ன என்று தெரிந்துவிடும். கிக்கின் வால் நீளமாக இருந்தால் பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கரில் அடுத்த அடியோடு ஒட்டிக் கூழாகிறது. பாதியாக வெட்டினேன். இன்னொன்று, இந்த மாதிரி ட்ராக்குகளில் நடுவில் கிக்கை முழுசாக எடுத்துவிட்டு, 32 பார் (ஒரு பார் என்றால் நாலு அடி) வெறும் காற்று மாதிரி ஓடவிட்டு, பிறகு திரும்ப இறக்குவது வழக்கம். கிளப்பில் அந்த இடத்தில் கை தூக்குவார்கள். நான் கொடைத் திடலில் போட்டபோது, கிக் நின்றதும் கூட்டம் முழுக்கத் திரும்பி ஜெனரேட்டரைப் பார்த்தது. கரண்டு போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்துவிட்டார். அதிலிருந்து நான் முழுசாக எடுப்பதில்லை. நாலு பாருக்கு ஒரு அடி, கரண்டு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி, அடியில் 808 மட்டும் விழும். வெளியூர்க்காரர் ஒருவர் இந்த இடத்தைக் கேட்டுவிட்டு மினிமலான தைரியமான முடிவு என்று பேண்ட்கேம்பில் எழுதியிருந்தார். நான் ஜெனரேட்டர் கதையைச் சொல்லவில்லை.

இப்போது செய்திருக்கிற ட்ராக் எட்டு நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் வெறும் கிக்கும் ஹைஹாட்டும்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடக் கூடாது, நேரம் குறைவு, அந்த இரண்டு நிமிஷத்தை வெட்டு என்கிறார் அப்பா. அது ஒரு டீஜே முந்தின பாட்டோடு இதைக் கலப்பதற்காக விடுகிற இடம்ப்பா, எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள் என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த டீஜே?" என்றார்.