கேப் டவுன் தோட்டத்தில் ஆர்ட்டிசோக்: நட்டது முதல் உசிலி வரை

கேப் டவுனில் வாழைப்பூ கிடைப்பது அபூர்வம். டர்பனுக்குத் தெற்கே கடற்கரையோரம் வாழைத் தோட்டங்கள் உண்டு. அங்கிருந்து யாராவது வந்தால் பூவும் கூட வரும், இல்லையென்றால் இல்லை. ஆனால் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இங்குள்ள காய்கறிக் கடைகளில் ஆர்ட்டிசோக் வரத் தொடங்கும். மடல் மேல் மடலாக இறுக மூடிய பச்சை மொட்டு. அதுவும் பூதான், விரிவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். சாமந்தி, சூரியகாந்தி குடும்பம். பூர்வீகம் மத்தியதரைக் கடல் பகுதி. கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதே, வாழைப்பூ ஆய்ந்து பழகிய கைக்கு இது வசப்படும் என்று பட்டது. சரி, வளர்த்தும் பார்ப்போம், சமைத்தும் பார்ப்போம் என்று இறங்கினேன்.

ஏப்ரல்: கேப் டவுனின் பிலிப்பி பக்கம் காய்கறி பயிரிடும் ஒருவரிடமிருந்து பக்கக்கன்றுகள் வாங்கி வந்தேன். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் விதைக்கு விதை செடி மாறும். பக்கக்கன்று என்றால் தாய்ச்செடி எப்படியோ அப்படியே வரும். எங்கள் பகுதி முழுக்க மணல். தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடம் தெரியாது. அதனால் குழியை அகலமாகவே எடுத்து, மக்கிய எருவும் காய்ந்த இலையும் நிரப்பி நட்டேன். கன்றுக்குக் கன்று ஒரு மீட்டர் விடச் சொன்னார். நடும்போது அந்த இடைவெளி ரொம்ப அதிகம் போலத் தெரிந்தது. ஜூலையில் இலைகள் ஒன்றோடொன்று உரசியபோது அவர் சொன்ன கணக்கு விளங்கியது.

இந்த ஊர் இதற்கென்றே அமைந்தது மாதிரி. குளிர்காலத்தில் (இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) மழை, கோடையில் வறட்சி. செடியின் சொந்த மண்ணிலும் அப்படித்தான். மழை இருக்கும் மாதங்களில் இலைவிட்டுப் பருத்து, வசந்தத்தில் மொட்டு வைத்து, கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும். மறுபடி மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். மொட்டு வைக்க இதற்குக் குளிர் வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே மொத்தமாகச் சுமார் 250 மணி நேரமாவது இருந்தால் நல்லது என்று பயிரிடுபவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே ஜூலை இரவுகள் அந்தக் குளிரைத் தாராளமாகவே கொடுக்கின்றன. டர்பன் கடற்கரையின் இதமான குளிர்காலத்தில் அது கிடைப்பது கஷ்டம். வாழை அங்கே, ஆர்ட்டிசோக் இங்கே என்று ஆனதற்கு இதுவே காரணம்.

2018 தண்ணீர்த் தட்டுப்பாட்டில் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று எண்ணிச் செலவழித்த ஊர் இது. கோடையில் தூங்கும் செடி என்பதே எனக்கு இதன் மேல் பிரியம் வர ஒரு காரணம். டிசம்பர் வெயிலில் குழாயைத் திறந்து வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஆகஸ்ட் கடைசி: நடுத்தண்டின் உச்சியில் முதல் மொட்டு. ஒரு தண்டில் உச்சி மொட்டுதான் பெரிது. அதைப் பறித்த பிறகு பக்கக் கிளைகளில் சிறிய மொட்டுகள் வரும். என் அனுபவத்தில் நம் சமையலுக்கு அந்தச் சின்னதுகள்தான் அருமை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மடல்கள் இறுகி இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். நுனி விரிய ஆரம்பித்தால் உள்ளே நார் ஏறிவிடும். கையில் பிடித்து அமுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதுதான் புத்தம் புதிது. தண்டை ஒரு சாண் நீளம் விட்டே வெட்டினேன். தோல் சீவினால் தண்டின் உட்பகுதியும் தின்னலாம், சுவையும் அதேதான்.

ஆய்வதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பலர் இதிலேயே மலைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். வெளி மடல்கள் கரும்பச்சையாக, தோல் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் பின்னுக்கு வளைத்து ஒடித்தால் அடியில் கொஞ்சம் சதை பூவோடே தங்கிவிடும். அப்படித்தான் ஒடிக்க வேண்டும், கீழ் வரை உரிக்கக் கூடாது. ஒடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் மடல் வெளிர் மஞ்சளாக, விரலுக்கு மெத்தென்று மாறும். அங்கே நிறுத்திவிட்டு, மேல்பாதியைக் குறுக்கே வெட்டி எறிந்துவிடலாம். இரண்டாகப் பிளந்தால் நடுவில் ஊதா நுனியோடு சில முள் மடல், அதன் கீழே வெள்ளைச் சுணை. விரியாத பூவின் இழைகள்தான் அந்தச் சுணை. தொண்டையில் மாட்டும், அதனால் ஒரு ஸ்பூனால் சுத்தமாக வழித்துவிட வேண்டும். வாழைப்பூவில் பூவுக்குப் பூ கள்ளனைப் பிடுங்க வேண்டும். இங்கே ஒரே வழிப்பில் வேலை முடிந்தது. சின்ன மொட்டுகளில் சுணை உருவாகியே இருக்காது, மேல் மடல்களை ஒடித்துவிட்டு அப்படியே நறுக்கலாம். அவை நம் சமையலுக்கு ஏற்றவை என்று சொன்னது அதனால்தான். சுணைக்கு அடியில் கிண்ணம் போலக் குழிந்த சதை மிஞ்சும், அதுவே இதில் உயர்ந்த பகுதி. பெரிய பூவாக இருந்தாலும் அந்தச் சதை கால்வாசி எடை தேறாது. நான்கு பேருக்குப் பொரியல் என்றால் பூக்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி பட்டதும் கறுக்கும். அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது கேட்ட முதல் கேள்வியே “மோர்ல போட்டியா?” என்பதுதான். மூன்று கிண்ணம் வைத்துப் பார்த்தேன்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர், ஒன்றில் நீர்மோர். தண்ணீரில் போட்டது சீக்கிரமே பழுப்பேறிவிட்டது. எலுமிச்சையில் போட்டது நல்ல வெளுப்பு, ஆனால் புளிப்பு உள்ளே இறங்கியது. மோரில் லேசான தந்த நிறம், புளிப்பு அவ்வளவாக ஏறவில்லை. பொரியலுக்கும் உசிலிக்கும் இனி மோர்தான். இதில் நடப்பது இதுதான்: பூவிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வதை ஒரு நொதி தூண்டுகிறது, கறுப்பு அதனால் வருகிறது. புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது. வாழைப்பூ கறுப்பதும் இதே மாதிரிதான். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியும் அலுமினியமும் பூவின் நிறத்தைக் கெடுத்துவிடும்.

செப்டம்பர் முழுக்க சமையல்தான். முதலில் இத்தாலி, ஃபிரான்ஸ் பக்கம் செய்வதுபோல முழுப் பூவையும் ஆவியில் வேகவைத்தேன். எவர்சில்வர் இட்லிப் பாத்திரம் இதற்குக் கச்சிதம். பெரிய பூவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். நடு மடலைப் பிடித்து இழுத்தால் தடையின்றிக் கையோடு வர வேண்டும், அதுதான் பதம். மடலின் அடியைத் தொட்டுக்கையில் முக்கி, பல்லால் சதையை வழித்துத் தின்பார்கள். அவர்கள் வெண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். நான் கெட்டித் தயிரில் பச்சை மிளகாய் நசுக்கிப் போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். வீட்டில் பிள்ளைகள் போட்டி போட்டார்கள்.

பருப்பு உசிலிதான் இதுவரை செய்ததில் முதலிடம். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் பாதிக்குப் பாதி ஊறவைத்து, வரமிளகாய், பெருங்காயம், உப்போடு கரகரப்பாக அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். மோரிலிருந்து எடுத்து நறுக்கிய பூவை மஞ்சள்தூள் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, தாளித்த எண்ணெயில் இரண்டையும் சேர்த்துச் சிறு தீயில் பிரட்டினால் போதும். ஆர்ட்டிசோக்கில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு. பருப்பின் பக்கத்தில் அந்தக் கசப்பு நன்றாக எடுபடுகிறது. தேங்காய் அதிகம் போட்டால் மறைந்துவிடுகிறது, எனக்கு அதில் சம்மதமில்லை. வடைக்கும் தட்டினேன், நன்றாகவே இருந்தது. டர்பனில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அக்கா பூவை நாலாகப் பிளந்து பருப்புக் குழம்பில் போட்டார். பூண்டும் சீரகமும் தாளித்த அந்தப் பருப்பைச் சோற்றோடு தின்றதிலிருந்து எங்கள் வீட்டிலும் அது வழக்கமாகிவிட்டது.

தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் நெல்லிக்காய் தின்றது போல இனிக்கும். பூவிலுள்ள சைனரின் போன்ற பொருள்கள் நாக்கின் இனிப்பு உணர்வைச் சற்று நேரம் அடக்கி வைக்கின்றன. தண்ணீர் அவற்றை அலசியதும் இனிப்பு தெரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் லிண்டா பார்டோஷுக் 1972-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது. என் கணவருக்கு ஒன்றும் தெரியவில்லை; எனக்கு ரசமே லேசாக இனித்தது. அதனால் இதைச் சமைக்கும் அன்று மிளகு ரசத்தில் காரம் கொஞ்சம் தூக்கலாக வைக்கிறேன்.

உடம்புக்கு என்ன என்று அக்கா கேட்டார். அவருக்குச் சர்க்கரை, எங்கள் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. வெந்த நடுத்தரப் பூ ஒன்றில் சுமார் 60 கலோரி, ஏழு கிராம் அளவு நார்ச்சத்து. ஒரு காய்க்கு இது பெரிய நார்ச்சத்து. அதில் இனுலின் என்ற வகை கணிசமாக உண்டு. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறுவதில்லை. ஃபோலேட், மெக்னீசியம், பொட்டாசியமும் இருக்கின்றன. அதே இனுலின்தான் வாயுவும் உண்டாக்கும். வயிறு உப்புசம் உள்ளவர்கள் முதலில் அரைப் பூவோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. பெருங்காயமும் இஞ்சியும் போட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

ஈரலுக்கு, கொழுப்புக்கு என்று விற்கும் மாத்திரைகள் வேறு. அவை இந்தச் செடியின் இலைச் சாற்றிலிருந்து செய்தவை, நாம் தின்பது மொட்டு. இலைச் சாறு கொலஸ்ட்ராலை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகளில் தெரிந்தாலும், அவற்றைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு அந்த ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை என்றே சொன்னது. சாறு பித்தநீர் சுரப்பைத் தூண்டக்கூடியது. பித்தப்பைக் கல், பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. சாமந்தி ஒவ்வாமை உள்ளவர்கள் பூவிலும் கவனமாக இருக்க வேண்டும். பொட்டாசியம் குறைக்கச் சொன்ன சிறுநீரக நோயாளிகளும் அளவு கேட்டுக்கொள்ளட்டும். பாட்டிலில் எண்ணெயிலும் உப்புநீரிலும் ஊறியது கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும், ஆனால் ரத்த அழுத்தம் இருந்தால் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: மருந்தை விடாதீர்கள், சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இந்தக் காயைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் மொட்டுக் காம்பில் கறுப்பு அசுவினி அப்பியது. குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவியதில் பெரும்பாலும் போய்விட்டது. பறித்த பூக்களை உப்புத் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி வைத்தால் மடலுக்குள் இருப்பதும் வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் நத்தைத் தொல்லை வேறு. காலையில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான்.

நவம்பரில் மிச்சமிருந்த சின்ன மொட்டுகளை ஆய்ந்து, எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வடித்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டேன். பச்சையாக ஃப்ரீசரில் வைத்தால் கறுத்துவிடும். ஒரு மொட்டை மட்டும் பறிக்காமல் விட்டேன். கையகல ஊதாப் பூவாக விரிந்தது, தேனீக்கள் நாள் முழுக்க அதை விடவில்லை.

இப்போது தண்டுகளைத் தரையோடு வெட்டி, மேலே வைக்கோல் மூடியாயிற்று. மார்ச்சில் துளிர்த்ததும் அடியைப் பிரித்து நான்கைந்து கன்றாவது எடுக்கலாம். அக்கா வீட்டு வேலியோரம் இரண்டுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். மீதியை ஊதா ரகத்துக்கு மாற்றிக்கொள்வதாகப் பிலிப்பிக்காரரிடம் பேசியிருக்கிறேன். அது பச்சையாகவே மெல்லிசாகச் சீவித் தின்னும் அளவுக்கு இளசாக இருக்குமாம். வந்தால் முதலில் தயிர்ப் பச்சடிதான் செய்து பார்க்க வேண்டும்.