கோலார் தங்கவயல் ஷாஃப்ட் மாதிரி: மூன்றாவது வாரம்

தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். அங்கிருந்த ஒரு ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) மேலிருந்த கோபுரத்தை 1:100 அளவில் மூங்கில் குச்சியில் செய்துகொண்டிருக்கிறேன். பழைய படமொன்றில் கோபுரத்தடியில் நிற்கும் ஆட்களின் உயரத்தை வைத்து அளவு எடுத்தேன்.

கோபுர உச்சியில் சக்கரங்கள், அவற்றின்மேல் கயிறு. கயிற்றில் ஆட்களை ஏற்றிச்செல்லும் கூண்டுகள்; ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறும். ஒன்றின் எடையை மற்றது சமன் செய்வதால் இழுக்கும் என்ஜினுக்குப் பாரம் குறைகிறது. சக்கரத்துக்கு முதலில் பாட்டில் மூடி வைத்தேன். பள்ளம் போதாமல் நூல் துள்ளி வெளியே வந்தது. தையல் மிஷின் பாபினை மாற்றியதும் சரியாகிவிட்டது. இழுப்பதற்குப் பொம்மைக் கார் மோட்டார். தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ல். காவிரிக் கரையின் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது.

அப்புறம் நூலின் நீளம். சாம்பியன் ரீஃப் ஆழம் சுமார் 3.2 கி.மீ. என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். என் அளவில் அது 32 மீட்டர்! நண்பர் வீட்டுப் பத்தாவது மாடியிலிருந்து நூலை இறக்கினேன். முனையில் 1.7 செ.மீ. உயரத்தில் அட்டையில் வெட்டிய ஓர் ஆள். நாலைந்து மாடி இறங்குவதற்குள் ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தனை ஆழத்தையும் ஒரே ஷாஃப்டில் இறங்கிவிடவும் முடியாது. பாதியில் இறங்கி, உள்ளேயே நடந்து, வேறொரு ஷாஃப்டில் போக வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடிக்கும். தாத்தா தினமும் அங்கே போய்வந்தார் என்பது அந்த நூலைப் பிடித்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து பெரிய அளவில் தோண்டத் தொடங்கியது. போகப்போகக் கல்லில் தங்கம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு கட்டவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். ஊர் மட்டும் காலியாகவில்லை. இன்றும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

இந்த வாரம் சயனைட் மேடு. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் அங்கே மலையாகக் கிடக்கிறது. சலித்த மணலைப் பசையில் குழைத்துக் குவித்திருக்கிறேன். மழை அரித்த வரிகளை ஈர்க்குச்சியால் மேலிருந்து கீழாகக் கீறினேன். காய்ந்ததும் அதனடியில் தொழிலாளர் லைன் வீடுகள் வரும்.