ஒரு டாலர் 20 ரூபாயா, 100 ரூபாயா?

நியூஜெர்சியில் பணிபுரியும் என் அக்கா மகன், சென்னையில் தனக்குக் கிடைத்திருக்கும் வேலையை ஏற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கணக்கை அனுப்பிவைத்தான். ஆண்டுச் சம்பளம் 30 லட்சம் ரூபாய். அதை 20-ஆல் வகுத்தால் ஒன்றரை லட்சம் டாலர். ஆகவே அமெரிக்காவில் இப்போது வாங்குவதைவிட இது அதிகம் என்பது அவன் முடிவு. டாலர் 85 ரூபாயை ஒட்டி நின்ற சமயம் அது. 85-ஆல் வகுத்திருந்தால் 35,000 டாலர்தான் வந்திருக்கும். "மாமா, அந்த 20 நானாகப் போட்டதில்லை, உலக வங்கி சொல்வது" என்று கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தான். எண்ணில் பிழையில்லை. அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தில்தான் எனக்குச் சங்கடம். அவனுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

அவன் பயன்படுத்திய எண்ணுக்கு வாங்குதிறன் சமநிலை விகிதம் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பதை அது சொல்கிறது. முதல் உலகப் போரின்போது நாணயங்களுக்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பு அறுந்து, எந்த நாணயத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல் நாடுகள் தடுமாறிய நிலையில், சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்டாவ் காசெல் 1918-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். இன்று இதைக் கணக்கிடுவது உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம். 176 நாடுகள் பங்கேற்ற 2017-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவுக்குக் கிடைத்த விகிதம் டாலருக்கு 20.65 ரூபாய், அந்த ஆண்டின் சராசரி நாணய மாற்று விகிதமோ 65.12 ரூபாய். அதாவது, அமெரிக்காவில் 100 ரூபாய் பெறுமானமுள்ளது இங்கே சராசரியாக 32 ரூபாய்க்குக் கிடைத்தது.

சராசரி என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் தெரு சலூனில் முடிவெட்ட 150 ரூபாய். மருமகன் அங்கே கொடுப்பது, சன்மானம் நீங்கலாக, 25 டாலர். முடிவெட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு டாலர் 6 ரூபாய்தான். ஐபோன் 16 வெளிவந்தபோது அதன் தொடக்க விலை அங்கே 799 டாலர், இங்கே 79,900 ரூபாய். ஐபோனை வைத்துப் பார்த்தால் ஒரு டாலர் 100 ரூபாய். (ஸ்ரீபெரும்புதூரில் பாகங்களைப் பொருத்தி ஐபோன் ஆக்குகிறார்கள் என்பதால் சென்னைக்காரருக்குச் சலுகை எதுவும் கிடையாது.) வரிகளின் புண்ணியத்தால் பெட்ரோலில் அந்த எண் 100-ஐயும் தாண்டும். ஆக, 20 என்று ஒரு விலை எங்கும் இல்லை. 6 முதல் 100-க்கு மேல்வரை சிதறிக் கிடக்கும் பல நூறு விகிதங்களை, நாட்டு மக்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து எடையிட்டுச் சுருக்கிய எண் அது.

கப்பலேற்றி விற்கக்கூடிய பொருள்களின் விலை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றை நோக்கியே வந்து நிற்கும். கப்பலேறாதவற்றின் விலை உள்ளூர்க் கூலியைப் பொறுத்தது. நியூஜெர்சி முடிதிருத்துநர் எங்கள் தெருக்காரரைவிடப் பதினான்கு மடங்கு வேகமாக வெட்டுவதில்லை. ஆனால் அவருடைய ஊரில் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உற்பத்தித்திறன் உயர்ந்திருப்பதால் கூலியும் உயர்ந்திருக்கிறது. அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் சலூனில் வேலைக்கு ஆள் கிடைக்காது. பொருளியலாளர்கள் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் ஆகிய இருவரும் 1964-இல் தனித்தனியே எழுதிய இந்த விளக்கத்தை நான் எனக்குப் புரியும் விதமாக இப்படி மாற்றிக்கொள்வதுண்டு: இந்தியாவில் விலைவாசி மலிவு என்று நாம் சொல்லும்போது, அதில் பெரும்பங்கு இன்னொருவருடைய கூலியின் மலிவுதான். எங்கள் தெரு முடிதிருத்துநர் அந்த ஐபோனை வாங்க 533 தலைகளை வெட்ட வேண்டும். நியூஜெர்சிக்காரருக்கு 32 தலைகள் போதும்.

இனி, அந்த எண் எவ்வளவு உறுதியானது என்ற கேள்வி. ஒரே தரமுள்ள பொருளை எல்லா நாடுகளிலும் தேடிப்பிடித்து விலை கேட்க வேண்டும் என்பது விதி. எத்தியோப்பியாவில் அன்றாட உணவாகிய டெஃப் என்னும் தானியம் தாய்லாந்துச் சந்தையில் இல்லை. இங்கே தினமும் உண்ணும் பொருள் வேறிடத்தில் இறக்குமதிக் கடையின் ஆடம்பரப் பண்டமாக இருக்கும். பிக் மேக் பர்கரை அளவுகோலாகக் கொண்டு 1986 முதல் விளையாட்டுபோலத் தொடரும் பத்திரிகைக் குறியீடுகூட, மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சி பர்கர் விற்காத இந்தியாவில் கோழி இறைச்சி வைத்த மகாராஜா மேக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியரின் பாடத்துக்கோ சந்தை விலையே கிடையாது என்பதால், அவருடைய சம்பளத்தையே விலையாகக் கொள்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டுச் சுற்றின் முதல் முடிவுகள் 2007 டிசம்பரில் வந்தபோது, இந்த விகிதப்படி கணக்கிட்ட சீனப் பொருளாதாரத்தின் அளவு அதுவரை நம்பியிருந்ததைவிட ஏறத்தாழ 40 சதவீதம் சுருங்கியது. இந்தியாவின் அளவும் கணிசமாகக் குறைந்தது. முந்தைய எண்கள் சீனாவைப் பொறுத்தவரை 1980-களின் பழைய ஒப்பீடு ஒன்றை ஆண்டுதோறும் நீட்டி வந்தவை. இந்தியாவும் 1985-க்குப் பிறகு இதில் கலந்துகொள்ளவில்லை. புதிய சுற்றில் சீனா விலை சேகரித்ததும் 11 நகரங்களிலும் அவற்றைச் சுற்றியும்தான் என்பதால், கிராமத்து விலை அதில் போதிய அளவு ஏறவில்லை என்று வாதம் எழுந்தது. அடுத்த சுற்றில் இரண்டு நாடுகளும் மீண்டும் பெரிதாயின. இத்தனைக்கும் நடுவில் எவருடைய தட்டிலும் ஒரு கைப்பிடிச் சோறு கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதனால் அந்த எண் உதவாது என்று நான் சொல்லவரவில்லை. வறுமையை அளக்க அதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நாளொன்றுக்கு 2.15 டாலர் என்று உலக வங்கி 2022-இல் வகுத்த வறுமைக் கோட்டை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கினால் 2017 விலையில் 140 ரூபாய் வரும். சமநிலை விகிதப்படி 45 ரூபாயை ஒட்டியே வரும். ஏழை டாலரில் எதையும் வாங்குவதில்லையாதலால் இரண்டாவதே சரி. உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம் நம்முடையது என்று மேடையில் முழங்குவதற்கும் இதே எண்தான் கைகொடுக்கிறது. நாட்டுக்குள் எவ்வளவு உற்பத்தியாகி நுகரப்படுகிறது என்ற பொருளில் அதுவும் உண்மையே. ஆனால் கச்சா எண்ணெய் விற்பவர் சமநிலை டாலரைக் கையில் வாங்கமாட்டார்.

மருமகனுக்குப் படிப்புக்கடன் பாக்கி இருக்கிறது. மாதம் 600 டாலர் கட்டுகிறான். சென்னைக்கு வந்தாலும் அதைச் சந்தை விகிதத்தில்தான் கட்ட வேண்டும், மாதம் 51,000 ரூபாய். 20-ஆல் பெருக்கி 12,000 ரூபாய் கொடுத்தால் கடன்காரர் ஏற்பாரா என்று எழுதியிருந்தேன். அவன் பொருளியல் படித்தவனில்லை, ஆனால் அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் அனுப்பிய தாளில் செலவுகளை இரண்டாகப் பிரித்திருந்தான்: கடன், விமானச் சீட்டு, மடிக்கணினி எல்லாம் ஒரு பக்கம், சாப்பாடு, வீட்டு வேலை, பள்ளி, வைத்தியம் மறுபக்கம். வாடகையில் மட்டும் தயங்கியிருந்தான். நியூஜெர்சியின் எடிசன் நகரில் அவன் இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு எதை இணையாகக் கொள்வது என்று தெரியாமல், வேளச்சேரியில் அதே பரப்புள்ள ஒரு வீட்டின் வாடகையைப் போட்டிருந்தான். கோடைக்காலத்தில் தண்ணீர் லாரிக்குக் கொடுப்பதை அதில் சேர்த்தாயா என்று கேட்டேன். தண்ணீர் லாரி பற்றி வீட்டுத் தரகர் எதுவும் சொல்லவில்லையே என்றான்.