"சிரி" என்று சொல்லாமல் சிரிக்க வைப்பது

படம் எடுக்கக் குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே சேர்ந்துவிடும். அம்மா, அப்பா, ஆச்சி, சித்தப்பா எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டி, சொடக்குப் போட்டு, "இங்க பாரு, சிரி, சிரிடா தங்கம்" என்று கத்துவார்கள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் குழந்தை கொஞ்ச நேரம் முழிக்கும், அப்புறம் உதடு பிதுங்கும், அவ்வளவுதான். கேமராவைப் பார்த்துப் பயந்து அழுத குழந்தைகளைவிட இந்தச் சத்தத்தில் மிரண்டு அழுத குழந்தைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் ஒருவரைத் தவிர மற்றவர்களை முதல் வேலையாக டீ குடிக்க அனுப்பிவிடுகிறேன். மிச்சமிருக்கும் அந்த ஒருவர், பெரும்பாலும் அம்மா, என் பக்கத்தில் நிற்கக் கூடாது. லென்சுக்கு நேர் பின்னால், என் தலைக்கு மேலே அவர் முகம் தெரிய வேண்டும். குழந்தை சிரிப்பது அம்மாவைப் பார்த்துத்தான், அவர் இரண்டடி தள்ளி நின்றால் படத்தில் கண்ணும் தள்ளிப் போய்விடும்.

"சிரி" என்று சொன்னால் நாலு வயசுக் குழந்தை சொன்னபடி கேட்கும். பல்லைக் காட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் மட்டும் அப்படியே இருக்கும். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளில் மின்சாரம் செலுத்தி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று படம் எடுத்து, 1862-இல் புத்தகமாகவே போட்டார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நம் பேச்சைக் கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை மனசு சந்தோஷப்பட்டால்தான் அசையும் என்பது அவர் சொன்னது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படங்களை வரிசையாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

போன மாதம் ஒரு மூன்று வயசுப் பாப்பா வந்தாள். பட்டுப் பாவாடை, தலை நிறைய பூ, முகத்தில் ஒரே கடுகடுப்பு. இடுப்பில் ஜரிகை குத்துகிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. வீட்டிலிருந்து போட்டு வந்த பழைய பருத்தி கவுனுக்கு மாற்றச் சொன்னேன், அம்மாவுக்கு மனசே இல்லை, ஆனாலும் மாற்றினார். அவள் கையில் சக்கரம் போன ஒரு பொம்மை பஸ் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தேன், பஸ் விழுந்தது, "அச்சச்சோ" என்றேன். முதல் தடவை வெறுமனே பார்த்தாள். இரண்டாவது தடவை சத்தம் போட்டுச் சிரித்தாள், ஆனால் அது படமாகத் தேறவில்லை, கண் மூடி வாய் மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை பஸ் விழப் போகிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. விழுவதற்கு முன்பே, உதட்டை இறுக்கி, கண்ணில் மட்டும் சிரிப்பு தளும்பக் காத்திருந்தாளே, அந்த அரை விநாடிதான் எனக்கு வேண்டியது. பெரிய சிரிப்பு அடங்கும்போதும் இதே மாதிரி ஒரு முகம் வரும், அதனால் குழந்தை சிரித்து முடித்துவிட்டது என்று கேமராவை இறக்காதீர்கள்.

வயசுக்கு வயசு விளையாட்டு மாறும். கைக்குழந்தைக்கு முகத்தை மூடித் திறந்தாலே போதும், இரண்டு மாசம் ஆவதற்குள்ளேயே நம் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நாலைந்து வயசில் தப்பாகப் பேச வேண்டும். காதைத் தொட்டு "இதுதானே உன் மூக்கு?" என்று கேட்டால் திருத்தாமல் இருக்கவே மாட்டார்கள், திருத்தும்போது சிரிப்பு தானாக வரும். எந்த வயசானாலும் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகுதான் எடுக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

கேமரா சங்கதி கொஞ்சம்தான். தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள், ஜன்னல் வெளிச்சம் போதும். ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/500 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப்/4, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏறினாலும் பரவாயில்லை, புள்ளி விழுந்த படத்தை ரசிக்கலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆகும் என்பதால், தாயைத் துணி போர்த்தி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, அவர் மடியில் குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை, ஆனாலும் "ஆடாதே, அசையாதே" என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

சில குழந்தைகள் சிரிக்கவே மாட்டார்கள். இரண்டு வயசுப் பையன் ஒருவன் முக்கால் மணி நேரமும் தரையில் ஊர்ந்த எறும்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நானும் குப்புறப் படுத்து அவன் எறும்பு பார்ப்பதையே எடுத்தேன். திரையில் காட்டியபோது அவனுடைய அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை காட்டச் சொன்னார், "வீட்லயும் இப்படித்தான்ப்பா உக்காந்திருப்பான், இதையே பெருசா போட்டுக் குடு" என்றார்.