ஓரியூரில் ஒரு திருநீற்றுப் புதன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார்: "வீட்டில் இருக்கும் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள்." வருஷா வருஷம் கேட்கும் அறிவிப்புதான். போன வருஷக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்துத்தான் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனுக்கு நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள். இந்தத் தடவை எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலைச் சிலுவை அப்பா மடித்தது. ஆடியில் அவர் போய்விட்டார்.

வலை பின்னிப் பழகிய கை அவருக்கு. ஓலை நுனியை உள்ளே விட்டு இழுத்து, கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குவார். ஓலை காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டது. பல் பதிந்த இடம் மட்டும் அப்படியே தெரிந்தது.

"கொடுத்துடும்மா. மந்திரிச்சத வீட்ல மக்க விடக்கூடாது" என்றார் அம்மா. கொடுத்துவிட்டேன்.

புதன் அதிகாலை ஊர்க் கோயிலிலேயே சாம்பல் பூசிக்கொண்டு, அம்மாவும் நானும் தொண்டியில் பஸ் ஏறினோம். ஒருசந்தி நாள், ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. சுத்தபோசனத்துக்கு இறைச்சிதான் விலக்கு, மீனுக்குத் தடை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அன்றைக்கு மீன் சட்டியை அடுப்பில் ஏற்றியதே இல்லை. கடற்கரைக்காரர்களுக்கு அதுதானே பெரிய துறவு! எஸ்.பி.பட்டினம் தாண்டி உள்ளே திரும்பினால் வழியெல்லாம் சீமைக் கருவேலமும் வெளிறிய மண்ணும். ஓரியூரில் இறங்கினால் காலடியில் செம்மண்.

ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குருவான அருளானந்தர் இங்கேதான் தலை வெட்டப்பட்டார். 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு, பண்டாரசாமியாக இந்த மறவர் சீமையில், இராமநாதபுரம் பக்கம் நடந்தவர். 1686இலேயே இந்தச் சீமையில் சித்திரவதைப்பட்டவர். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி அவரை ஓரியூரில் இருந்த தன் சகோதரரிடம் அனுப்பினார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி எல்லாம் முடிந்தது. அன்றும் திருநீற்றுப் புதன்தான். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 22. அதற்கு முன்னால் ஈஸ்டர் வரவே வராது. அதனால்தான் தவக்காலம் அவ்வளவு சீக்கிரம் தொடங்கியிருக்கிறது. 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

முந்தின நாள் சிறையில் மை இல்லாமல், கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோலால் கடிதம் எழுதினார் என்று சொல்வார்கள். சாம்பல் பூசும் நாளில் அவர் நெற்றியில் யார் பூசியிருப்பார்கள்? கோயிலுக்குள் முழங்காலில் இருந்தபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதிய விரல்களில் கரி ஒட்டியிருக்கும். அந்தக் கையால் நெற்றியைத் தொட்டு அவரே சிலுவை போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்." சின்ன வயதில் ஃபாதர் கட்டைவிரலை வைத்து இதைச் சொல்லும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அவ்வளவு பயம். இந்த வருஷம் பயம் வரவில்லை. அப்பா போன இடத்துக்குத்தான் நானும் போகிறேன் என்று காதில் விழுந்தது. என் நெற்றியில் இருந்த சாம்பலில் அவர் மடித்த ஓலையும் ஒரு துளி இருக்கும். அதை நினைத்ததும் அழுகை வந்தது. நல்ல அழுகை, நெஞ்சு லேசாகும் அழுகை. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

வெளியே வந்து பார்த்தால், அம்மா குனிந்து செம்மண்ணைக் கைப்பிடி அளவு முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். அருளானந்தர் இரத்தம் சிந்திய மண் என்று எல்லாரும் எடுத்துப் போவதுதான். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் இந்த மண்ணைக் குழைத்துத்தான் நெற்றியில் இடுவார். "இப்ப யாருக்கும்மா காய்ச்சல்?" என்று கேட்டேன்.

"உங்கப்பாவுக்கு" என்றார்.

சாயங்காலம் தொண்டியில் இறங்கி, கஞ்சி குடிக்கக்கூட வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா முந்தானையை அவிழ்த்துத் தூவினார். வெள்ளை மணல்மேல் செம்மண் தனியாகத் தெரிந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கடல் காற்றில் எல்லாம் கலந்துபோய், எது ஓரியூர் மண், எது எங்கள் ஊர் மணல் என்று தெரியவில்லை.